மரப்பிடி போட்ட பழைய சவரக்கத்தி: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய சாமான் கடையிலோ ஒரு சவரக்கத்தி கிடைத்ததும் கை தானாக உப்புத்தாளைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கத்தியில் தேய்த்து எடுத்த உருக்கைத் திரும்ப வைக்க வழியே கிடையாது. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் கல்லையோ தாளையோ தொட வேண்டும். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கத்தி எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கிருந்து படிக்கலாம்.

சொல் குழப்பம் வேண்டாம். வெட்டும் ஓரத்தை வாய் என்கிறேன். அதற்கு எதிரே தடித்திருப்பது முதுகு. பிடிக்குள் ஆணியில் திரும்பும் பகுதி காம்பு. காம்பை ஒட்டிய பக்கம் அடி, மறுகோடி நுனி. பிடி என்பது இரண்டு மெல்லிய பலகைகள். அவற்றின் வால் பக்கத்தில் நடுவே செருகியிருக்கும் சிறு துண்டு ஆப்பு.

முதலில், வேலையே தொடங்கக் கூடாத கத்திகள்

வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் அது விரிசல். அந்தக் கத்தியை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம், முகத்தில் வைக்கக் கூடாது.

வாய்ப்பகுதியில் நீலமாகவோ ஊதாவாகவோ வானவில் போன்ற பட்டை தெரிந்தால், யாரோ கிரைண்டரில் பிடித்து உருக்கின் பதத்தைக் கொன்றிருக்கிறார்கள். உருக்கு வைக்கோல் நிறத்துக்கு வருவது 220 டிகிரி செல்சியஸை ஒட்டி, நீலமாவது ஏறத்தாழ 300 டிகிரியில். அந்தச் சூட்டைக் கண்ட வாய், சவரத்துக்குத் தேவையான கடினத்தை இழந்திருக்கும். இதனால்தான் மோட்டாரில் ஓடும் எந்தப் பாலிஷ் சக்கரத்தையும் நான் கத்திக்குப் பக்கத்தில் விடுவதில்லை. வாய் மெலிந்த உருக்கு, சூடு ஏற சில நொடி போதும்.

காம்பில் உள்ள முத்திரையையும் படியுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்தவை பெரும்பாலும் தடித்த, ஆப்பு போன்ற உடம்பு கொண்டவை. ஜெர்மனியின் சோலிங்கனில் பிற்பாடு செய்தவற்றில் இரு பக்கமும் ஆழமாகக் குடைந்திருப்பார்கள், வாய்ப்பக்கம் காகிதம் போல மெல்லியதாக இருக்கும். முன்னது கொஞ்சம் அழுத்தத்தைத் தாங்கும். பின்னது விரல் அழுத்தத்திலேயே வளையும், சில நேரம் உடையும். அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள். 5/8 என்றால் ஏறத்தாழ 16 மி.மீ. முத்திரை மேல் மட்டும் தாள் போகவே கூடாது.

பழைய பிடி நொறுங்குகிறது, கத்தியில் அதை ஒட்டிய இடம் மட்டும் அரித்திருக்கிறது

பிடியைக் கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து மோந்து பாருங்கள். சூடம் வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்த பொருள், 1870க்குப் பிறகு பரவியது. வயதானால் சிதைந்து அமில ஆவியை விடும். மூடி வைத்த கத்தி அந்த ஆவியிலேயே கிடந்து, பிடி மறைக்கும் பகுதி மட்டும் துருப்பிடித்துப்போகும். அந்தப் பிடியை ஒட்டிக் காப்பாற்ற முயல வேண்டாம், கழற்றிவிடுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் வைக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மற்ற கத்திகளையும் தள்ளி வையுங்கள். மரப்பிடி செய்ய இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

ஆணி கழல மாட்டேன் என்கிறது

அடித்துத் தள்ளாதீர்கள். பரப்பி அடித்த தலையைச் சின்ன அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, துளையுள்ள ஒரு மரக்கட்டையைக் கீழே வைத்து, மெல்லிய துளைப்பான் கம்பியால் மெதுவாகத் தட்டினால் வந்துவிடும். பழைய பித்தளை வாஷர்களைப் பத்திரப்படுத்துங்கள், அந்த வேலைப்பாடு இன்று கிடைப்பதில்லை. ஷெஃபீல்டு கத்திகளில் ஆப்பு ஈயத்தால் ஆனதாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில், நகம் பதியும் அளவு மெத்தென்றிருந்தால் ஈயம்தான். அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, தொட்ட பிறகு கை கழுவுங்கள்.

துரு

செந்துரு மேலோட்டமானது. மண்ணெண்ணெயிலோ டபிள்யூடி-40இலோ ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் நைந்த துணியால் துடைத்தாலே பாதி போய்விடும். சிக்கல் கருந்துருதான். அது உருக்குக்குள் குழி பறித்து உட்கார்ந்திருக்கும்.

தேய்ப்பதற்கு முன் வாயை மழுக்கிவிடுங்கள். கண்ணாடிக் குவளையின் அடிப்பக்கத்தில் கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, எடையே இல்லாமல் ஒரு தடவை இழுத்தால் போதும். எப்படியும் புதிதாகத் தீட்டப்போகிறோம், விரல் பிழைக்கும். அப்புறம் கத்தியைத் தட்டையான மரக்கட்டை மேல் படுக்க வைத்து, தக்கைத் துண்டில் சுற்றிய வாட்டர் பேப்பரால் எண்ணெய் விட்டுத் தேய்க்கலாம். 400 நம்பரில் தொடங்குங்கள், நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். போகவில்லை என்றால் மட்டும் 220க்கு இறங்குங்கள். பிறகு 600, 1000, 2000 என்று ஏறலாம். ஒவ்வொரு நம்பரிலும் முந்திய நம்பரின் கீறல் முழுக்க மறையும் வரை இருக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே போனால் கண்ணாடி போன்ற பளபளப்புக்கு நடுவே பழைய கீறல் பளிச்சென்று தெரியும்.

குழிகள் கத்தியின் உடம்பிலோ முதுகிலோ இருந்தால் விட்டுவிடுங்கள். நூறு வயதான பொருளில் வயது தெரிவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வாயின் ஓரத்திலேயே கரும்புள்ளி இருந்தால் கதை வேறு. தீட்டும்போது வாய் அந்தக் குழியை எட்டியதும் அங்கே பொக்கை விழும். இன்னும் தீட்டினால் அடுத்த குழி திறக்கும். லென்ஸில் பார்த்து, வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தூரம் வரை சுத்தமான உருக்கு இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே பிடிக்கு மரம் அறுக்கத் தொடங்குங்கள்.

கல்லில் எவ்வளவு ஓட்டினாலும் பதம் ஏறவில்லை

கத்தியைத் தீட்டும் முறையே தனி. காய்கறிக் கத்தி போலக் கோணம் பார்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்திருக்க வேண்டும். முதுகின் தடிப்புதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. 16 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. முதுகு என்றால் வாயின் கோணம் 16 டிகிரி. செய்தவரே கோணத்தைக் கத்திக்குள் வைத்து அனுப்பிவிட்டார். முதுகு தேயாமல் இருக்க இன்சுலேஷன் டேப் ஒட்டினால் கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும். தவறில்லை, ஆனால் முதல் கல்லில் டேப் ஒட்டினால் கடைசிக் கல் வரை டேப் இருக்க வேண்டும்.

பதம் ஏறவில்லை என்றால் முதலில் கல்லைச் சந்தேகப்படுங்கள். நடுவில் குழிந்த கல்லில் எந்தச் சவரக்கத்தியும் பதம் பிடிக்காது. கல் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் ஒட்டிய 220 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். எங்கே பென்சில் கோடு அழியாமல் நிற்கிறதோ அங்கே குழி. கோடு முழுக்க அழிந்தால் கல் சமம். வீட்டில் இருக்கும் காரபோரண்டம் கல் இந்த வேலைக்கு ஆகாது, மிகவும் முரடு. 1000 நம்பர் கல், 4000-8000 நம்பர் இரட்டைக் கல், முடிந்தால் 12000 நம்பர் ஒன்று, இவை போதும்.

கல் சரி என்றால் அடுத்தது மார்க்கர் சோதனை. வாயின் இரு பக்கமும் மார்க்கர் பேனாவால் மை தீட்டி, 1000 நம்பர் கல்லில் ஒரே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மை எங்கே நிற்கிறது என்பதிலேயே பதில் இருக்கிறது.

அடியில் மட்டும் மை நிற்கிறது என்றால் காம்பை ஒட்டிய தடித்த தோள் கல் மேல் ஏறி, அடியைத் தூக்கிவிடுகிறது. தோள் கல்லுக்கு வெளியே இருக்கும்படி கத்தியைத் தள்ளிப் பிடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நுனியிலும் அடியிலும் மை நின்று நடுவில் அழிந்தால், வாய் வெளிப்பக்கமாகச் சிரித்த மாதிரி வளைந்திருக்கிறது. அது கோளாறே இல்லை, பழைய கத்திகளில் பல அப்படியே செய்யப்பட்டவை. சமமாக்க முயலாமல், இழுக்கும்போது அடியிலிருந்து நுனிக்கு அழுத்தத்தை உருட்டிக்கொண்டே போங்கள்.

நடுவில் மை நின்று இரு கோடியிலும் அழிந்தால், வாய் உள்பக்கமாகக் குழிந்திருக்கிறது. குழிந்த கல்லிலோ, ஒரே இடத்தில் அழுத்தியோ பல வருடம் தீட்டியதால் வருவது. முகம் வளைவு, குழிந்த வாய் அதில் சரியாகப் படியாது. வாயை 1000 நம்பர் கல்லில் செங்குத்தாக நிறுத்தி, நேராகும் வரை இழுக்க வேண்டும். மனசுக்குக் கஷ்டமான வேலை, கத்தியின் அகலம் குறைவதை நீங்களே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டிரண்டு இழுப்புக்கு ஒருமுறை வாயை ஓர் இரும்பு ஸ்கேலில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் மறைந்ததும் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து இரு பக்கமும் தீட்டுங்கள்.

1000 நம்பரில் வேலை முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? கல்லில் தண்ணீர் நிற்கட்டும். கத்தியை வாய் முன்னால் இருக்கும்படி மெதுவாகத் தள்ளுங்கள். தொடக்கத்தில் வாய் தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். இரு பக்கமும் நன்றாகச் சந்தித்துவிட்டால், அதே தண்ணீர் மெல்லிய ஏடு போல வாயின் மேல் ஏறிப் படரும். அடி முதல் நுனி வரை ஒரே மாதிரி ஏறுகிறதா என்று பாருங்கள். எங்கே ஏறவில்லையோ அங்கே இன்னும் வேலை பாக்கி. பிறகு முன்கை மயிரை மழிக்கிறதா என்று பார்க்கலாம். 1000 நம்பரில் மழிக்காத கத்தி 8000இல் ஒருநாளும் மழிக்காது. என்னிடம் யோசனை கேட்டவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு படியைத்தான் அரைகுறையாக விட்டிருந்தார்கள்.

கை மயிரை மழிக்கிறது, முகத்தில் இழுக்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. 4000, 8000 நம்பர் கல்லில் அழுத்திவிட்டீர்கள் என்றால் வாயில் பிசிர் நிற்கும். லென்ஸில் வெள்ளிக் கம்பி போல மின்னும். வாயைத் தக்கை மேல் எடையில்லாமல் ஒருமுறை இழுத்துப் பிசிரை எடுத்துவிட்டு, 8000இல் கத்தியின் சொந்த எடையில் மட்டும் இருபது இழுப்பு ஓட்டுங்கள்.

அடுத்து தோல்வார், அதாவது தீட்டிய வாயைக் கடைசியாக ஓட்டி மெருகேற்றும் பட்டை. வார் தொய்ந்திருந்தால் வாய் உருண்டுவிடும். தீட்டி முடித்த அருமையான வாயை வாரில் கெடுப்பது ஐந்து நிமிட வேலை. இறுக்கமாக இழுத்துப் பிடித்து, எப்போதும் முதுகு முன்னால் போக வேண்டும். திருப்பும்போது முதுகு மேல் உருட்டித் திருப்புங்கள், வாய் மேல் அல்ல. வாரின் துணிப் பட்டையில் இருபது இழுப்பு, தோலில் ஐம்பது.

மூன்றாவது, கத்தியில் தவறே இல்லாமல் பிடிக்கும் கோணத்தில் இருக்கலாம். கன்னத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் தூக்கினால் எந்தக் கத்தியும் சுரண்டும். மூன்றையும் பார்த்த பிறகே மறுபடி கல்லுக்குப் போங்கள்.

மரப்பிடிக்குள் கத்தி நடுவில் உட்காரவில்லை

மரப்பிடி செய்பவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கோளாறு இது. மடக்கும்போது வாய் ஒரு பலகையில் உரசினால், மரமும் கெடும், நீங்கள் தீட்டிய பதமும் ஒரே மடக்கில் போய்விடும்.

நிரந்தரமாக ஆணி அடிக்கும் முன்பே 1.6 மி.மீ. நட்டு போல்ட் போட்டுத் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். மெதுவாக மடக்கிக்கொண்டே மேலிருந்து பாருங்கள். கத்தி முழு நீளத்துக்கும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் காம்பு ஆணியின் துளை செங்குத்தாக இல்லை. இரு பலகைகளையும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, ஒன்றாகச் சேர்த்து, டிரில் ஸ்டாண்டில் வைத்துத் துளை போட்டிருந்தால் இது வராது. கையில் பிடித்து டிரில் போட்டால் கட்டாயம் வரும். துளையைப் பெரிதாக்கிச் சரி செய்ய நினைக்காதீர்கள், கத்தி ஆடும். பலகையை மாற்றிச் செய்வதே நேரம் மிச்சம்.

அடியில் நடுவாக இருந்து நுனி மட்டும் சாய்ந்தால் ஆப்பைப் பாருங்கள். பலகைகள் வாலில் நெருங்கி, காம்புப் பக்கம் விரிய வேண்டும். அதனால் ஆப்பின் காம்பை நோக்கிய முனை தடித்தும், வால் முனை மெலிந்தும் இருக்க வேண்டும், 3 மி.மீட்டரில் தொடங்கி ஒன்றரைக்கு இறங்குவது போல. இரு முகமும் ஒரே அளவு சரிய வேண்டும். ஒரு முகம் கூடுதலாகச் சரிந்தால் இரு பலகைகளும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்பும். எந்த முகம் என்று கண்டுபிடிக்க, ஆப்புக்கும் ஒரு பலகைக்கும் நடுவே சிகரெட் தாள் அளவு மெல்லிய தாளைச் செருகிப் போல்ட்டை முடுக்குங்கள். நுனி நடுவை நோக்கி நகர்கிறதா, இன்னும் விலகுகிறதா? நகர்ந்தால் எதிர் முகத்தைக் கண்ணாடி மேல் வைத்த 400 நம்பர் தாளில் நாலைந்து முறை தேய்த்து மறுபடி மாட்டிப் பாருங்கள். பத்துத் தடவை கழற்றி மாட்ட வேண்டி வரலாம். பரவாயில்லை.

வாய் ஆப்பிலேயே போய் இடிக்கிறது என்றால் துளையின் இடம் தவறு. அறுக்கும் முன் அட்டையில் வெட்டி, குண்டூசி குத்தி மடக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆணி அடிக்கும்போது மரம் வெடித்தது

பூவரசில் நான் செய்த முதல் பிடி இப்படித்தான் போனது. சுத்தி அடியில் தவறு இருக்கும் என்று நினைத்தேன். காரணம் துளை. 1.6 மி.மீ. பித்தளைக் கம்பியை 1.5 மி.மீ. துளையில் திணித்திருந்தேன். அடிக்க அடிக்கக் கம்பி உள்ளுக்குள் பருத்தது, மரம் நார் வாக்கில் பிளந்தது. துளை கம்பியைவிட மயிரிழை அளவு பெரிதாக இருக்கட்டும். தலையைத் தாங்கக் கட்டாயம் வாஷர் வேண்டும். வாஷருக்கு மேல் கம்பி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீட்டியிருக்கட்டும். அதிகம் நீட்டினால் தலை பரவாமல் வளையும்.

நூறு கிராம் குண்டுத்தலைச் சுத்தி போதும். அடிக்கக் கூடாது, தட்ட வேண்டும். சத்தம் டிக், டிக் என்று இருக்கட்டும். தலையைச் சுற்றி வட்டமாகப் பத்துத் தட்டு, கத்தியைத் திருப்பி மறுபக்கம் பத்து. ஒவ்வொரு முறையும் கத்தியைத் திறந்து மூடிப் பாருங்கள். தன் எடையில் தொங்காமல், விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனால் நிறுத்திவிடுங்கள். பிறகு தளர்ந்தால் இன்னும் இரண்டு தட்டு தட்டிக்கொள்ளலாம், இறுகினால் அரம்தான்.

சிறு வெடிப்பு என்றால் ஃபெவிக்விக்கைத் துளி விட்டு, இடுக்கியில் பிடித்து, காய்ந்ததும் தேய்த்துவிடலாம். ஆணித் துளை வழியாக ஓடிய வெடிப்புக்கு அது நிற்காது.

மழைக்காலத்தில் பிடி இறுகுகிறது, பலகை வளைகிறது

மரம் ஈரத்தை வாங்கினால் நாருக்குக் குறுக்காகத்தான் பருக்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அதனால் நார் பிடியின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். பலகை 2.5 முதல் 3 மி.மீ. தடிப்பு. பழைய கதவுச் சட்டத்திலிருந்து எடுத்த தேக்கு, ஈட்டி, கருங்காலி, இவை ஏற்கெனவே பல வருடம் காய்ந்தவை என்பதால் எனக்குப் புது மரத்தைவிட நம்பிக்கை. ஈட்டித் தூள் சிலருக்குத் தோல் அரிப்பு கொடுக்கும், எந்த மரமானாலும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் ஆரல்டைட் உரிந்துவிடும்.

வளைவதற்கு நான் பார்த்த பெரும்பான்மைக் காரணம், வெளிப்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு உள்பக்கத்தைப் பச்சையாக விட்டது. ஒரு முகம் ஈரம் குடிக்கும், மறுமுகம் குடிக்காது, பலகை குவிந்துவிடும். ஆணி அடிக்கும் முன்பே உள்முகத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சு கொடுங்கள். ஆளிவிதை எண்ணெயோ அரக்குப் பாலிஷோ உங்கள் விருப்பம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள்.

ஆணியைச் சுற்றி மரம் கறுக்கிறது

இரும்பு ஆணி போட்டிருக்கிறீர்கள். மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுப்பு வரும். கலம்காரித் துணிக்குக் கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்த்துக் கறுப்பு எடுப்பது இதே வழியில்தான். பித்தளைக்கோ நிக்கல் வெள்ளிக்கோ மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்து ஒரு வாரத்தில் காம்பருகே செந்துரு

பிடிக்குள் தண்ணீர் போகிறது. சவரம் முடிந்ததும் பெரும்பாலானவர்கள் வாயைத் துடைத்துவிட்டு மடக்கிவிடுகிறார்கள். காம்புக்கும் பலகைக்கும் நடுவே நின்ற ஒரு சொட்டு அங்கேயே உட்கார்ந்து வேலை செய்யும். பருத்தித் துணியின் ஓரத்தை அந்த இடுக்கில் விட்டு ஷூ துடைப்பது போல இழுங்கள். ஒரு மணி நேரம் திறந்தே வைத்துவிட்டு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயை ஆணியருகே விட்டு, கத்தியை இரண்டு முறை திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்த பிறகு மடக்குங்கள். வேறொருவர் பயன்படுத்திய கத்தி என்றால் முதல் சவரத்துக்கு முன் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் வாயையும் காம்பையும் துடைத்துவிடுங்கள். அரக்குப் பாலிஷ் போட்ட பலகையில் மட்டும் அது படக் கூடாது, பாலிஷ் கரைந்துவிடும்.